என்ன லோடு, எந்த ரூட்டு?

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அண்ணன்மார்களுக்கும், வெல்டர்களுக்கும், தச்சர்களுக்கும், பெயின்டர்களுக்கும்:

நான் சேலத்துக்காரன். தமிழில் அறிவியல் புனைகதை எழுதுகிறேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒரு விண்கலம் வருகிறது. பெயர் கரிச்சான். பெரிய தாய்க்கலம் ஒன்று வேறொரு விண்மீனின் எல்லையில் வந்து நிற்கிறது. அதிலிருந்து பிரிந்து, முன்னால் போய், வேவு பார்த்துத் திரும்ப வேண்டிய சின்னக் கலம் இது. வேகம் அதிகம், ஆயுதம் கொஞ்சம், ஆட்கள் இரண்டே பேர். இந்தக் கலத்துக்கு உருவம் கிடைத்ததில் உங்கள் பட்டறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் புத்தகத்தை அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை. பெயர் சொல்லி எழுத ஆரம்பித்தால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இந்தத் திறந்த மடல்.

உங்கள் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை இந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் போகிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேபின் இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. நீள இரும்புச் சட்டம், இன்ஜின், சக்கரங்கள். முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் வெயிலிலும் காற்றிலும் உட்கார்ந்து வருவார். அந்தச் சேசிஸ் உங்கள் வாசலில் வந்து நின்றதும் நீங்கள் உரிமையாளரிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதை நான் கவனித்தேன். என்ன கலர், எவ்வளவு உயரம், முகப்பில் என்ன டிசைன் என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி, "என்ன லோடுங்க, எந்த ரூட்டு?"

பஞ்சு மூட்டை ஏற்றுகிறவருக்கு ஒரு பாடி, இரும்புச் சுருள் ஏற்றுகிறவருக்கு வேறொரு பாடி. அசாமுக்குப் போகிற வண்டியும் ஆலைக்கும் குவாரிக்கும் இடையே ஓடுகிற வண்டியும் ஒன்றாக இருக்க முடியாது. பதில் தெரியாமல் நீங்கள் ஒரு பலகையைக்கூட அறுக்க மாட்டீர்கள்.

சினிமாவில் விண்கலம் வரைகிறவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அங்கே முதலில் முகப்பு வருகிறது, அடுத்து பீரங்கி, அப்புறம் நீல வெளிச்சம். நம் திரைக்கும் கலம் புதிதல்ல. 1963-ல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி'யிலேயே வேற்றுக்கிரகத்துக்காரர்கள் கலத்தில் வந்து இறங்கிவிட்டார்கள். அதற்கும் முன்பு, 1952-ல், உங்கள் திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் மூலம் அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' எடுத்தார். அதில் நம் யானைகளுக்கு நீள முடி ஒட்டி மம்மூத் ஆக்கினார்கள். சேலத்து மண்ணில் அறிவியல் கற்பனைக்கு வயது எழுபதுக்கு மேல் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இந்த முடி ஒட்டிய யானைகளை வைத்துத்தான். கரிச்சானுக்கு ஒட்டுவேலை வேண்டாம், கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்ற துணிச்சல் உங்களிடமிருந்து வந்தது.

வேவுக்கலத்தின் லோடு என்ன? சேதி. போய்ப் பார்த்ததைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது. அதைப் பார்க்கக் கண் வேண்டும், கேட்கக் காது வேண்டும், சொல்ல வாய் வேண்டும். அதாவது தொலைநோக்கி, ரேடார், அகலமான ஆன்டெனா. மற்றதெல்லாம் இந்த மூன்றையும் சுமக்கிற சட்டம். ரூட்டு என்ன? தாய்க்கலத்திலிருந்து வியாழனைப் போன்ற ஒரு பெருங்கோள் வரைக்கும் ஒரு கோடி கிலோமீட்டர். நொடிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மாதம். நடுவில் டீக்கடை இல்லை, டீசல் பங்க் இல்லை.

உங்களிடம் கற்ற பாடங்களில் பெரியது எடைப் பாடம்.

பாடி கட்டி முடித்த வண்டி வே பிரிட்ஜில் ஏறும்போது எல்லோர் முகமும் அந்த எண்ணைப் பார்த்தபடி இருக்கும். 2018-ல் விதியைத் திருத்தி, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தினார்கள். மொத்தம் அவ்வளவுதான் என்று சட்டம் சொன்ன பிறகு, வெறும் வண்டியில் நீங்கள் குறைக்கிற ஒவ்வொரு கிலோவும் உரிமையாளர் ஏற்றுகிற ஒரு கிலோ. தேவையில்லாத ஒரு குறுக்குச் சட்டத்தைப் பார்த்ததும் பெரிய மேஸ்திரி ஒருவர், "இது வண்டி ஆயுசுக்கும் சும்மாவே டிக்கெட் இல்லாம வருமுங்க" என்றார். கலத்தின் வரைபடத்தில் எதைச் சேர்க்கும்போதும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

லாரியில் இந்தக் கணக்கு கழித்தல் கணக்கு. விண்வெளியில் பெருக்கல். ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903-ல் வெளியிட்ட சமன்பாடு அது. லாரிக்குத் தள்ளிக்கொண்டு போகச் சாலை இருக்கிறது. ராக்கெட்டுக்குச் சாலை கிடையாது. தன் வயிற்றில் இருப்பதையே பின்னால் எறிந்துதான் முன்னால் போக முடியும். கடைசியில் எறியப் போகும் எரிபொருளையும் முதலில் சுமந்து போக வேண்டும். அதைச் சுமக்க இன்னும் எரிபொருள். அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் கொஞ்சம். வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன் அது.

கரிச்சானை வைத்தே சொல்கிறேன். அணு உலையில் ஹைட்ரஜனைச் சூடாக்கிப் பீய்ச்சும் இன்ஜின் அதற்கு. முழுக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1960-களில் அமெரிக்கர்கள் நெவாடா பாலைவனத்தில் இப்படிப்பட்ட இன்ஜினைத் தரையில் நிறுத்தி ஓட்டியே பார்த்தார்கள். வாயு நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். எரிபொருள் இல்லாத வெறும் கலம் 30 டன் என்று வைத்தேன். போகும்போது 4 கிலோமீட்டர் வேகம் எடுக்க வேண்டும். அங்கே போய் நிற்க அதே 4. திரும்பக் கிளம்ப 4. வீட்டில் வந்து நிற்க 4. மொத்தம் 16. சமன்பாட்டில் போட்டால் கிளம்பும்போது கலத்தின் எடை ஏறக்குறைய 222 டன் வருகிறது. 30 டன் வண்டிக்கு 192 டன் எரிபொருள்! இந்தக் கணக்கில் நான் ஒரு டன் எடையுள்ள எதைக் கூட வைத்தாலும் 6.4 டன் எரிபொருள் கூடவே ஏறுகிறது. அதைக் கொள்ளும் தொட்டியின் எடை தனி.

இதைத் தொப்பூர்க் கணவாயில் ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது வேகம் தானாக வரும். நிறுத்துவதில்தான் உயிர் இருக்கிறது. நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்க நினைத்தவர்களின் கதைகளை நாம் எல்லோரும் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். அங்கே குறைந்த கியரில் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். விண்வெளியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வேகம் எடுக்கச் செலவழித்த அளவு வேக மாற்றத்தை நிற்கவும் வாங்கியாக வேண்டும்.

அப்படியானால் நிற்காமல் இருந்தால் என்ன? ரூட்டுக் கேள்விக்கு இன்னொரு பதில் இது. கரிச்சான் அந்தப் பெருங்கோளை நெருங்கி, அதன் ஈர்ப்பைப் பிடித்துச் சுற்றி, ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பிவிடுகிறது. 1970 ஏப்ரலில் ஆக்சிஜன் தொட்டி வெடித்த அப்பல்லோ 13 நிலவைச் சுற்றி வீடு திரும்பியதும் இந்த வகை வழியில்தான். இப்போது கரிச்சானுக்குக் கிளம்ப 4, வீட்டில் நிற்க 4. மொத்தத் தேவை 8. எடை 222 டன்னிலிருந்து 82 டன்னுக்கு வந்துவிட்டது. ஒரு டன் சாமான் கூட்டினால் 1.7 டன் எரிபொருள் போதும். பாதியாகக் குறைந்தது வேகத் தேவை; எரிபொருளோ கால் பங்குக்குச் சற்று மேல்தான். உங்கள் பட்டறையில் இந்தக் கணக்கைச் சொன்னபோது ஒரு வெல்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "அப்ப வண்டியக் கொறைக்கறதுக்கு முன்னால ரூட்டக் கொறைக்கோணும்" என்றார். என் நாவலின் மூன்றாம் அத்தியாயம் அந்த வாக்கியத்திலிருந்து பிறந்தது.

நிற்காமல் பார்த்துவிட்டுப் போன கலம் நிஜத்திலும் உண்டு. 2006 ஜனவரியில் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவை நொடிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. அரை டன்கூட இல்லாத கலம். ஒன்பதரை வருடம் ஓடிப்போய், கிட்டே பார்த்தது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்தில் பார்த்ததையெல்லாம் பூமிக்கு அனுப்பி முடிக்க ஓராண்டுக்கும் மேல் ஆனது. அதனால்தான் கரிச்சானில் ஆன்டெனாவுக்கு நான் கஞ்சத்தனம் காட்டவில்லை. பார்த்ததைச் சொல்ல முடியாத வேவுகாரன் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த விருந்தாளி.

இனி ஆயுதம். வாசகர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள், எனக்குத் தெரியும். என் பதிப்பாளரும் கேட்டார்.

விண்வெளியில் பீரங்கி சுட்டவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். 1974-ல் சோவியத் யூனியன் ஏவிய சல்யூட் 3 என்ற நிலையத்தில் 23 மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்றை மாட்டியிருந்தார்கள். அது திரும்பாது. குறி பார்க்க வேண்டுமானால் நிலையம் முழுவதையும் திருப்ப வேண்டும். 1975 ஜனவரியில், உள்ளே ஆட்கள் இல்லாத நேரத்தில், தரையிலிருந்து கட்டளை கொடுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். குண்டு முன்னால் போனால் நிலையம் பின்னால் உதைக்கும் அல்லவா, அதற்கு எதிராக உந்து இன்ஜின்களையும் இயக்க வேண்டியிருந்தது. சுடுவதற்கும் எரிபொருள் செலவு! துப்பாக்கி, தோட்டா, குறிக்கருவி, தாங்குசட்டம் என்று ஐந்து டன் வைத்தால், நின்று திரும்பும் ரூட்டில் அது 32 டன் எரிபொருளைக் கேட்கும். டிக்கெட் இல்லாத பயணி, அதுவும் குடும்பத்தோடு.

விண்வெளியில் வேகமே ஆயுதம். நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ஒரு கிலோ கல்லில் ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்தில் இருப்பதற்குச் சற்று அதிகமான ஆற்றல் இருக்கிறது. 10 கிலோமீட்டர் வேகமானால் டி.என்.டி.யைப் போல் பன்னிரண்டு மடங்கு. வெடிமருந்தைச் சுமப்பது வீண். துரத்தி வருகிறவன் வழியில் ஒரு கூடை ஜல்லியை விட்டுவிட்டுப் போனால் போதும். கரிச்சானில் இருப்பது இரண்டு சின்ன ஜல்லிப் பெட்டிகள், தன்னைப் போலவே ரேடாரில் தெரியும் சில போலிக் கலங்கள். அவ்வளவுதான். பெயர்க் காரணம் கேட்டவர்களுக்கு: மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் அந்த இரட்டைவால் குருவி, கூட்டுப் பக்கம் பருந்து வந்தாலும் மேலே ஏறித் துரத்திவிட்டு வரும், வேறு பறவைகளின் குரலையும் எடுத்துக் கூவும். சண்டைக்கென்று அது எதையும் கூடுதலாகச் சுமப்பதில்லை.

எதை வைப்பது என்பதைவிட எதை எடுப்பது என்று யோசித்துப் பிழைத்த நிஜக் கலம் ஒன்று நம் வட்டாரத்துக்கே உறவு. 2019 செப்டம்பரில் சந்திரயான் 2-இன் விக்ரம் நிலவில் மோதி உடைந்தது. அதில் ஐந்து இன்ஜின்கள் இருந்தன. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3-இல் நடு இன்ஜினை எடுத்துவிட்டு நான்கோடு நிறுத்தினார்கள். காலை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். இறங்கும் இடத்தை அரைக் கிலோமீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகலமாக்கினார்கள். 1,752 கிலோ எடையுள்ள அந்தக் கலம் 2023 ஆகஸ்ட் 23 மாலை இறங்கியது. இன்ஜினைக் குறைத்தும் ரூட்டைத் தளர்த்தியும் வென்ற அந்தக் கணக்கு பட்டறையில் நான் கேட்ட கணக்குக்கு அண்ணன் தம்பி முறை.

உறவு என்று சொன்னது அதை மட்டும் நினைத்து இல்லை. அந்தக் கலத்தின் காலும் ரோவரின் சக்கரமும் நிலவைத் தொடுவதற்கு முன் பெங்களூரில் பழகிப் பார்த்தது நாமக்கல் மண்ணில். நிலவின் மேட்டு நிலங்கள் அனார்த்தோசைட் என்ற வெளிர்ப் பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை பரமத்தி வேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. வெளிநாட்டிலிருந்து செயற்கை நிலவு மண்ணை டன் கணக்கில் வாங்குவது கட்டுப்படியாகாது என்ற நிலையில், சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் கைகொடுக்க, பாறையைச் சேலத்துக் கிரஷர்களில் உடைத்து, வேண்டிய பருமனுக்குச் சலித்து, பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். 2020-ல் இஸ்ரோ அதற்குக் காப்புரிமையும் பெற்றது. கொண்டுபோனது லாரியில்தான் என்பதை எந்தக் கட்டுரையும் பெரிதாகச் சொல்வதில்லை. அந்த லாரியைக் கட்டிய கை யாருடையதோ, அவருக்கு என் தனி வணக்கம்.

கரிச்சானின் ஜல்லிப் பெட்டியில் நான் நிரப்பியிருப்பதும் குன்னமலைக் கல்தான். நாவலில் அதற்குக் காரணம் சொல்லவில்லை. நாமக்கல்காரர்களுக்குப் புரிந்தால் போதும்.

டேங்கர் பட்டறைக்காரர்களுக்கு ஒரு நன்றி. தென்னிந்தியா முழுக்க சமையல் எரிவாயு கொண்டுபோகிற புல்லட் டேங்கர்களில் பெரும்பகுதி நாமக்கல்காரர்களுடையது. திரவம் ஏற்றுகிற டேங்கருக்குள்ளே, ஓட்டை போட்ட குறுக்குத் தகடுகள் எதற்கென்று நான் கேட்டேன். பிரேக் போட்டதும் உள்ளே இருக்கிற திரவம் அலையாக முன்னால் ஓடி வந்து இடிக்கும், தகடு இல்லையென்றால் வண்டி நின்ற பிறகும் லோடு நிற்காது என்றார்கள். 2007 மார்ச்சில் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் இரண்டாவது ராக்கெட் சுற்றுப்பாதை சேராமல் போனதற்குக் காரணம் இதேதான்: மேல் அடுக்கின் திரவ ஆக்சிஜன் தொட்டியில் தடுப்புத் தகடு இல்லை, திரவம் அலை அடித்து ராக்கெட்டையே ஆட்டிவிட்டது. எடை குறைக்கும் வெறியில் கரிச்சானின் தொட்டியிலிருந்து எதை எடுத்தாலும் அந்தத் தகட்டை மட்டும் எடுக்க மாட்டேன்.

தொட்டியின் சுவர் எவர்சில்வர். சேலத்துக்காரன் வேறு எதை வைப்பான்? ஊர்ப்பாசம் ஒருபக்கம் இருக்கட்டும், காரணமும் உண்டு. கடுங்குளிரில் சாதாரண இரும்பு நொறுங்கும். சில வகை எவர்சில்வர் இன்னும் பலமாகும். 1950-களில் அமெரிக்கர்கள் அட்லஸ் ராக்கெட்டின் தொட்டியை எவ்வளவு மெல்லிய எவர்சில்வரில் செய்தார்கள் என்றால், உள்ளே காற்றழுத்தம் இல்லாவிட்டால் தன் எடையிலேயே அது மடங்கிவிடும். காற்றையே தூணாக வைத்துக் கட்டிய வீடு. உங்களில் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். நானும் அவ்வளவு தூரம் போகவில்லை. தகட்டைக் கொஞ்சம் தடித்தே வைத்தேன்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களிடமிருந்து எடுத்தது ஓர் ஏற்பாடு. ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் தனியாகப் போவதில்லை. ராடு, டீசல், ஆட்களின் சாமான் என்று சுமந்துகொண்டு இன்னொரு லாரி கூடவே போகிறது. வேலை செய்கிற வண்டியும் சுமக்கிற வண்டியும் வேறு வேறு. கரிச்சானுக்கும் அப்படி ஒரு துணை வண்டி வைத்தேன். ஆளில்லாத எரிபொருள் தொட்டி ஒன்று பாதி வழியில் அதே வேகத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். இதனால் கதையில் ஒரு நல்ல ஆபத்தும் கிடைத்தது. துணை வண்டி அந்த இடத்தில் இல்லையென்றால்?

கேபின் விஷயம். 2025 அக்டோபர் முதல் புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. சித்திரை வெயிலில், இன்ஜின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்து நாக்பூர் வரை ஓட்டியவர்களைக் கேட்டால் இது எவ்வளவு தாமதம் என்று தெரியும். விண்வெளி குளிர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கலத்துக்குள் பிரச்சினை சூடு. வெளியே காற்று இல்லாததால் சூட்டை ஊதித் தள்ள வழியில்லை. கதிராக வீசினால்தான் உண்டு. அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் தகடு ஒரு பக்கத்தில் சுமார் 460 வாட்தான் வீசும். ஆட்களும் கருவிகளும் சேர்ந்து 20 கிலோவாட் சூடு உண்டாக்கினால், இரண்டு பக்கமும் வீசுகிற ரேடியேட்டர் 22 சதுர மீட்டர் வேண்டும். கரிச்சானுக்கு இருக்கும் அந்த இரட்டை வால் அழகுக்கு வைத்ததல்ல, அதுதான் ரேடியேட்டர். ஆனால் சூட்டை வீசுகிற எதுவும் அந்தக் கருங்குளிர்ப் பின்னணியில் பளிச்சென்று தெரியும். ஒளிந்து வேவு பார்க்கும் கலம் என்பது சினிமாவில் மட்டும். கரிச்சான் ஒளியாது, கண்டுபிடித்து எதிராளி கிளம்பி வருவதற்குள் கடந்துபோய்விடும்.

ஆட்கள் இருவர் என்றேன். ஓட்டுநரும் கிளீனரும்தான், வேறென்ன. படக்கதைகளில் வருகிற கேப்டன், துணைக் கேப்டன், ஆயுத அதிகாரி, அறிவியல் அதிகாரி எல்லாம் சாப்பிடுகிற எடை. என் கதையின் நாயகி கிளீனர் வேலைக்கு வந்தவள். நட்டு போல்ட்டு அவள் பொறுப்பு. எந்த போல்ட்டுக்கும் ஸ்பேனர் போய்த் திரும்ப இடம் இருக்க வேண்டும், ஒரே ஸ்பேனர் முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்பதில் நீங்கள் காட்டும் பிடிவாதம் ஹப்பிள் தொலைநோக்கியைக் கட்டியவர்களுக்கும் இருந்தது. விண்ணில் கழற்றி மாட்ட வேண்டிய பாகங்களுக்கு ஒரே அளவு போல்ட்டுத் தலையைத்தான் பெரும்பாலும் வைத்தார்கள். ஆனால் விண்ணில் பழுதுபார்க்கலாம் என்று யாரும் நினைக்காத ஒரு கருவியை 2009 மே மாதம் திறக்க வேண்டி வந்தது. கைப்பிடியின் ஒரு திருகு வழுக்கிவிட்டது. மைக் மாசிமினோ என்ற விண்வெளி வீரர், தரையில் இருந்தவர்கள் கணக்குப் போட்டு அனுமதி கொடுத்த பிறகு, கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பிய்த்தே எடுத்தார். உங்கள் பட்டறையில் இந்தக் கதையைச் சொன்னபோது யாருமே ஆச்சரியப்படவில்லை. அனுமதி கேட்டதற்குத்தான் சிரித்தார்கள்.

கனமானதை நடுவில் வை என்பதையும் உங்களிடம்தான் கேட்டேன். வீல்பேஸில் 60 சதவீதத்துக்கு மேல் பாடி பின்னால் நீளக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் நீங்கள் நீட்ட மாட்டீர்கள். வால் கனத்தால் முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. கலத்தில் சக்கரம் இல்லாவிட்டாலும், நுனியில் எடை இருந்தால் திரும்பத் தாமதமாகும், திரும்பிய பின் நிறுத்தவும் தாமதமாகும். ஜல்லிப் பெட்டிகள் இரண்டும் மூக்கில் இல்லாமல் இடுப்பில் இருப்பதன் காரணம் இதுதான்.

பெயின்டர் அண்ணன்மார்களிடம் மட்டும் ஒரு வழக்கு பாக்கி. உங்கள் சிவப்பும் மஞ்சளும் தாமரையும் இரட்டைக் கிளியும் இல்லாமல் நாமக்கல் பாடி ஏது? ஆனால் அமெரிக்க விண்ணோடத்தின் பெரிய எரிபொருள் தொட்டிக்கு 1981-ல் முதல் இரண்டு பயணங்களில் வெள்ளை அடித்தார்கள். மூன்றாவதில் அடிப்பதை நிறுத்தினார்கள். பெயின்ட் மட்டும் சுமார் 270 கிலோ மிச்சம். அதற்குப் பிறகு கடைசிவரை அது துருநிறத்திலேயே பறந்தது. கரிச்சானுக்கும் சூட்டுக் கணக்குக்கு வேண்டிய இடத்தில் வெள்ளை, ரேடியேட்டரில் கறுப்பு, மற்ற இடத்தில் வெறும் எவர்சில்வர் என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும். அதனால் வாலுக்குக் கீழே, தாய்க்கலத்தில் வந்து சேரும்போது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிகிற இடத்தில், ஒரு முழம் நீளத்துக்கு ஒரு பட்டை விட்டிருக்கிறேன். பெயின்ட் 100 கிராமுக்குள் அடங்க வேண்டும். அதற்கு ஆகும் எரிபொருளை நான் கணக்கில் சேர்த்துவிட்டேன், கிளீனர் பெண்ணின் சாப்பாட்டுப் பெட்டியில் கொஞ்சம் குறைத்து. அங்கே என்ன எழுதுவது, எந்தக் கலரில் எழுதுவது என்பதை நீங்களே சொல்லுங்கள். புத்தகம் ஆடி மாதம் அச்சுக்குப் போகிறது. ஆனிக்குள் சொன்னால் அட்டைப்படத்திலும் போட்டுவிடலாம்.


கரிச்சானைக் கட்டிக்கொண்டிருக்கும் சேலத்துக்காரன்